நாம் வெட்டாத மண்சுவர்

பொம்மனஹள்ளியில் பஸ்ஸுக்கு நின்றேன். குழாய் பதிக்கச் சாலையோரம் தோண்டியிருந்தார்கள். ஈரமண் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. நீ இருந்திருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்திருப்பாய். இப்போதெல்லாம் எந்தக் குழியையும் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

ஊருக்கு வெளியே, வீட்டுமனை லேஅவுட்டுக்கென்று ஒதுக்கிய மேட்டில் நாம் அகழாய்வு செய்த கோடைதான் கண்முன் நிற்கிறது. கங்கர் காலத்துச் சமணத் துறவிகளின் மடம் அங்கே இருந்தது என்பதில் உனக்குச் சந்தேகமே இல்லை. சுற்றுமதிலின் அடித்தளம் கிடைத்துவிட்டது. வாசல்தான் அகப்படவில்லை. "வாசல காட்டுங்க மேடம், வேலைய நிறுத்தச் சொல்றேன். இல்லன்னா தோட்டத்து மதில்னுதான் எழுதுவாங்க" என்று தொல்லியல் துறை அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

குழிக்கும் குழிக்கும் நடுவே வெட்டாமல் விடுகிற மண்சுவரில்தானே மண்ணடுக்குகளைப் படிப்போம். வாசலுக்காக நாம் தேடாமல் மிஞ்சிய இடம் கிழக்கே அப்படியொரு மண்சுவர்தான். வெட்டிவிடலாம் என்று கெஞ்சினேன். நீ அசையவில்லை.

"எல்லாத்தையும் நாமளே வெட்டிட்டா, நாம சொன்னது தப்புன்னு நாளைக்குச் சொல்ல வர்றவ எதப் பாத்துடி சொல்லுவா?"

அந்தப் பிடிவாதத்துக்காகவே உன்னை எனக்குப் பிடிக்கும். அந்த மண்சுவர்மேல் உட்காரக் கூடாது என்று எல்லோரையும் திட்டுகிற நீயே, மத்தியானம் அங்கே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னோடு சித்ரான்னம் தின்பாய்.

குழிகளைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். மழையோடு உனக்கு டெங்கு வந்தது. ஒரு வாரம்கூட நீ தாங்கவில்லை.

தீபாவளி கழிந்து ஜேசிபி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது உன் மண்சுவர் பாதி போயிருந்தது. இயந்திரத்தின் பல்லில் ஒரு நீளக்கல் மாட்டி, இரண்டாக உடைந்து விழுந்தது. கோடியில் கதவு சுழலும் குழி. நடுவில் கால்பட்டுத் தேய்ந்த பள்ளம். வாசற்படியேதான், நாம் உட்கார்ந்து தின்ற இடத்துக்கு நேர் கீழே. கத்தினேன். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு, "என்னாக்கா, கல்லுதானே?" என்றான். அதிகாரிக்குப் போன் செய்தேன். "இனிமே சொல்லி என்ன மேடம், நிலம் கைமாறியாச்சு" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தக் கல் சாலைக்கு அடியில் ஜல்லியோடு போய்விட்டது.

உன் மேல் எனக்குக் கோபம். சண்டை போடக்கூட நீ இல்லையே. நாளைக்கு வருவாள் என்று நீ நம்பியிருந்தவள் இனி வந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. எதற்கடி இவ்வளவு பாடுபட்டோம்?

ஒக்கலிபுரத்தில் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். "ஆஸ்பத்திரியிலயும் வாசல் வாசல்னே பொலம்புனாம்மா. கெடச்சுதா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டும்மா."

தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே நான் போகவில்லை.