நான் தூங்கிய கச்சேரிகள்

இன்று காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து உங்கள் துண்டை எடுத்தேன். கனத்த வெள்ளைத் துண்டு, நீங்கள் நாலாக மடித்தது மடித்தபடியே இருந்தது. உங்கள் வாசனை வரும் என்று முகத்தருகே கொண்டுபோனேன். வரவில்லை. என் தலையில் தடவும் தேங்காயெண்ணெய் வாசனைதான் வந்தது.

கச்சேரிக்குக் கிளம்பும்போது மட்டும் அது உங்கள் இடது தோளில் ஏறும். சங்கீத விமர்சகர் என்றால் ஒரு கெத்து வேண்டாமா என்று உங்கள் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். நீங்களும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவீர்கள். அது என் தலைக்காக என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

பகலெல்லாம் வத்தலக்குண்டில் உரக்கடை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கவிதை எழுதிய ஆள் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அதில் ஒன்றுதான் எனக்கு மனப்பாடம்:

கொடைக்கானல் போகும் மேகம்
எங்கள் ஊரில் இறங்குவதில்லை.
பேருந்து மட்டும் நிற்கிறது.

இதில் என்ன கவிதை இருக்கிறது என்று கேட்டேன். நாலு கோடை கழியட்டும், புரியும் என்றீர்கள். புரிந்தது. ஆனால் உங்கள் சங்கீதம் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. எந்த ராகம் கேட்டாலும் ஏதோ ஒரு பாட்டு என்றுதான் தோன்றும். அப்படிப்பட்ட என்னை ஒரு கச்சேரி விடாமல் கூட்டிக்கொண்டு அலைந்தீர்கள்.

கல்யாணமான புதிதில் கன்னிவாடித் திருவிழாவுக்குப் போனோம். கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்டோம். மலைப்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. எப்போது சாய்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, உங்கள் புதுச் சட்டையின் தோள் முழுக்க எண்ணெய்க் கறை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்தால், உங்கள் முகத்தில் பெரிய சந்தோஷம்.

“நீ ஆஸ்பத்திரி நர்ஸு. எந்தக் கட்டில்ல யாரு இருமுறா, யாருக்கு மூச்சு இழுக்குதுன்னு காவல் காக்குற காது உனக்கு. அதுவே அசந்து உறங்கிருச்சுன்னா, வாசிச்சவரு ஒரு இடத்துலகூட பிசகலைன்னு அர்த்தம்” என்றீர்கள்.

வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த கச்சேரிக்கே தோளில் துண்டு ஏறிவிட்டது. நைட் டியூட்டி முடித்து வந்த நாளில் தூங்கினால் அதை ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். அது அசதித் தூக்கம், செல்லாது. மற்ற நாள்களில் பாட்டு நடுவே ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பீர்கள். பெரிய பெயரெடுத்த பாடகர் ஒருவர் வந்தபோது நான் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். ‘பாடகர் நன்றாக உடுத்தியிருந்தார்’ என்று பத்திரிகையில் எழுதி முடித்துக்கொண்டீர்கள்.

அப்புறம் அந்தப் பெண் பாட வந்தாள். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. திண்டுக்கல்லில் அவளுக்கு அதுதான் முதல் கச்சேரி. மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள மண்டபத்தில், புழுக்கத்தில் எல்லாரும் விசிறிக்கொண்டிருக்க, நான் மூன்றாவது பாட்டில் தூங்கிப்போனவள் மங்களம் பாடும்வரை எழவில்லை. வாழ்நாளில் யாரையும் புகழாத புகழ்ச்சியாக நீங்கள் எழுதினீர்கள்: ‘மூன்றாவது பாட்டில் என் மனைவி உறங்கிவிட்டாள். இதற்குமேல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.’

ஊரே சிரித்தது. அந்தப் பிள்ளை அழுதாளாம். அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் யார் கூப்பிட்டாலும் அவள் வருவதில்லை. விஷயத்தை விளக்கி நாலு வரி எழுதுங்கள் என்று நானும் மல்லுக்கட்டினேன்.

“பாராட்டுக்குப் பொழிப்புரை எழுதச் சொல்றியா? அந்தப் பிள்ளைக்கே ஒருநாள் புரியும்” என்றீர்கள்.

பிடிவாதத்தில் உங்களை அடிக்க ஆளில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு மத்தியானம், கண்ணை மூடியபடியே அவளை இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் என்றீர்களே, அப்போதும் கோபம்தான் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹார்லிக்ஸ் ஆற்றினேன்.

நீங்கள் போனதும் என் தூக்கமும் போய்விட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரை கண்ணை மூடியது, காதை மூடவில்லை. பக்கத்துக் கட்டிலில் வராத இருமலுக்காக அது காத்துக்கொண்டே கிடந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேரைத் தூங்க வைத்திருக்கிறேன், எனக்கு வழி தெரியவில்லை.

உங்கள் கூட்டாளிகள் அதே மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். யாரைப் பாட வைக்கலாம் என்று கேட்டபோது அவள் பெயரைச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானே போன் செய்தேன். யார் பேசுகிறேன் என்று சொன்னதும் அந்தப் பக்கம் குரல் இறுகிப்போனது.

“உங்களுக்குத் தூக்கம் வர்ற பாட்டுதானுங்க எங்கிட்ட இருக்குது. பரவாயில்லீங்களா?” என்றாள்.

“அவரு போனதிலிருந்து நான் தூங்கலைம்மா. வந்து பாடு” என்றேன்.

வேறு எதுவும் நான் சொல்லவில்லை. அவள் தேதியைக் கேட்டாள். அப்புறம், வாரேனுங்க என்றாள்.

கூட்டத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். துண்டை எடுத்துப்போகவில்லை, போடுவதற்குத் தோள் ஏது? பக்கத்து நாற்காலியை உங்களுக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். அவள் பாட ஆரம்பித்தாள். என்ன ராகமோ, வழக்கம்போல் எனக்குத் தெரியாது. தம்பூரா சத்தம் வார்டில் விடிகாலையில் ஓடும் மின்விசிறி மாதிரி இருந்தது. எல்லா நோயாளியும் தூங்கிய பிறகு கேட்குமே, அந்தச் சத்தம். அவள் குரல் உயரப் போய், அவசரமில்லாமல் இறங்கியது. மலைப்பக்கம் போன மேகம் திரும்பி வந்து நம் பேருந்து நிலையத்தின் மேல் இறங்குகிறது. உரக்கடைத் தகரத்தில் தூறல் விழுகிறது. மூட்டை நனைந்துவிடுமே, உங்களிடம் சொல்ல வேண்டுமே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

கண் விழித்தபோது மண்டபம் காலி. ஓரமாக ஒருவர் சத்தமில்லாமல் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் கன்னத்துக்குக் கீழே பட்டு வழவழத்தது. மங்களம் பாடிய கையோடு இறங்கி வந்து, ஆடிக்கொண்டிருந்த என் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, உங்கள் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையின் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு என் எண்ணெய்க் கறை. பதறி எழுந்தேன். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“ஏனுங்கம்மா, எத்தனாவது பாட்டுல தூங்குனீங்க?”

“மூணாவதுன்னு நெனைக்கிறேன்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நீங்கள் எழுதாமல் விட்ட நாலு வரியை அவள் படித்துவிட்டாள், உங்கள் பிடிவாதம்தான் ஜெயித்தது. நானும் அழுதேன், நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளை அழுவதைப் போல.

நாளைக்கு அவளுக்குப் பழனியில் கச்சேரி. கண்டிப்பாக வரச் சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் துண்டைத் தேடி எடுத்தேன். துவைக்கப் போவதில்லை. மடிப்பு கலையாமல் பைக்குள் வைத்தாயிற்று. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் சரி, கேட்காமலே அவர் தோளில் போட்டுவிடுவேன்.