மஞ்சள் வண்டி

ஹல்,
ஞாயிறு மதியம்

அன்புத் தம்பி கிரெக்குக்கு,

அக்கா டோனா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம். இந்தக் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கடைசி வரி வரை படி. நடுவில் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாயானால் நான் உனக்கு அக்கா இல்லை.

பக்கத்து அறையில் இருப்பவன் வெய்ன் ஹாக். அவனுடைய அண்ணன் டெரிதான் என் மகள் மெய்சியின் கையை உடைத்தவன். சிறைக்குள் இந்தச் செய்தி என் தபாலைவிட வேகமாக வந்துவிடும். வெய்ன் வாயால் கேட்பதற்கு முன் என்னிடமிருந்தே தெரிந்துகொள்.

மெய்சிக்கு வண்டி பார்க்க மருத்துவமனைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். கழுத்து நிற்காத குழந்தைக்கு இது தோது என்று அங்கே இருந்த பெண் முதலில் சக்கர நாற்காலி மாதிரியே இருந்த கறுப்பு வண்டியைக் காட்டினாள். நீதான், "ஐயோ, இதுல உக்கார வச்சா ஊரே உச்சுக் கொட்டும்க்கா. அந்த மஞ்சள எடு, கடையில வாங்கின மாதிரி இருக்கு" என்றாய். எனக்கும் அதுதான் பிடித்தது. உள்ளே இடுப்புக்கும் மார்புக்கும் வார், தலைக்கு இரண்டு பக்கமும் அணை. வெளியே பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் போகிற வண்டி. யாரும் திரும்பிப் பார்க்காத சுகத்துக்காகவே அதைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவைச் சும்மா சுற்றுவேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கான இடத்தில் மெய்சியின் வண்டியை நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டியிருந்தேன். சந்தை நிறுத்தத்தில் டெரி ஏறினான், கூடவே மனைவியும் கைக்குழந்தை வண்டியும். அவன்மேல் பியர் வாடை. "வண்டிய மடக்கும்மா" என்றான். இது சக்கர நாற்காலி, பிள்ளையை வைத்துக்கொண்டு மடக்க முடியாது என்றேன். சிரித்தான். "இதுவா? என் தங்கச்சி வீட்ல இதே மஞ்சள்ல ஒண்ணு கெடக்கு. நாலு வயசுக் கழுதைக்கு வண்டி கேக்குதா? எறக்கி நடக்க விடு" என்றான். டிரைவர் தன் பங்குக்கு, "யாராவது ஒருத்தர் மடக்குங்கப்பா, பஸ்ஸ எடுக்கணும்" என்று கத்தினார். பின்னால் இருந்தவர்களும் என்னைத்தான் முறைத்தார்கள்.

"அவளுக்கு உக்காரவே வராதுய்யா" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. "நான் மடக்கிக் காட்டறேன் பாரு" என்று பிடியை இழுத்து, அடிக்கம்பியைக் காலால் ஓங்கி மிதித்தான். வண்டி மெய்சியோடு சேர்ந்து மடங்கியது.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். அவள் கை முறிந்து, மடிப்புக்கு வெளியே தொங்கியது. அவள் உடனே அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அவனோ குனிந்துகூடப் பார்க்காமல், "என்னமோ சிக்குது" என்று இன்னொரு மிதி மிதித்தான்.

வண்டியின் கால்மிதித் தட்டு உடைந்து என் கையில் வந்தது. அதால் அடித்தேன். முதல் அடியில் பல் தெறித்தது. அவன் விழுந்தான். விழுந்தவன் முகத்தில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். "விட்டுடு, செத்துருவான்!" என்று அவன் மனைவி என் முடியைப் பிடித்து இழுத்தாள். அவளை உதறிவிட்டு அடித்தேன். அவளுடைய குழந்தை வீறிட்டது காதில் விழுந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. டிரைவர் வந்து என்னை இடுப்போடு கட்டித் தூக்கிய பிறகுதான் என் கை நின்றது.

இதை யார் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. போலீசிடமும் இதையேதான் சொன்னேன், இப்போது ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். முதல் அடிக்கு எனக்கு வருத்தமே இல்லை. விழுந்த பிறகு அடித்ததற்கு இருக்கிறது. அவனுடைய இடது கண் போய்விட்டது, கிரெக். இனி வராதாம்.

மெய்சியின் கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். மஞ்சள் வண்டிக்குப் பதில் அந்தக் கறுப்பு வண்டியையே கொடுத்துவிட்டார்கள். நீ சொன்னது போலவே ஊர் உச்சுக் கொட்டுகிறது. கொட்டட்டும், வழியும் விடுகிறது. ஆனால் வாரைப் பூட்ட நான் கையைக் கொண்டுபோனால் அலறுகிறாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தாளே. என் கையைப் பார்த்துத்தான் அலறுகிறாள். நீ முன்பு சீட்டியடித்துக்கொண்டே அவளுக்கு வார் மாட்டுவாய், அவளும் கெக்கெக்கே என்று சிரிப்பாள். எனக்குச் சீட்டியடிக்க வருவதில்லை. காற்றுதான் வருகிறது.

வக்கீல் நல்ல பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "முதல் அடிக்கு ஜட்ஜ் எரக்கப்படுவாருங்க. மத்ததுக்கு நான் என்னத்தச் சொல்ல? எதுக்கும் தயாரா இருங்க" என்றாள். அக்டோபரில் வழக்கு. செப்டம்பரில் உன் விடுதலை, இடையில் நீ எந்த வம்பிலும் மாட்டாமல் இருந்தால். நான் சொல்ல வருவது உனக்குப் புரிகிறது. வீட்டில் யாரும் இல்லையென்றால் அவளை அரசாங்கம் முன்பின் தெரியாதவர் வீட்டில் கொண்டுபோய் வைக்கும்.

வெய்ன் சும்மா இருக்க மாட்டான். "உன் மருமக கை எப்படிடா இருக்கு?" என்பான். உன் தட்டில் துப்புவான். துப்பினால் அதை வைத்துவிட்டு எழுந்து போ. இந்தக் குடும்பம் அடிக்க வேண்டிய அடியெல்லாம் நான் அடித்துத் தீர்த்துவிட்டேன். உன் பங்குக்கு ஒன்றும் மிச்சமில்லை.

கறுப்பு வண்டி உனக்குப் பழக்கமில்லாதது. இடுப்பு வாரை முதலில் பூட்டு, மார்பு வாரை அப்புறம். கொக்கிக்கு நடுவில் அவள் விரல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். உன் கைக்கு ஒரு கீறல்கூட வராமல், நீயும் யாருக்கும் ஒரு கீறல் வைக்காமல், முழுசாக வாசல் தாண்டி வா, என் கண்ணே. அதுவரை சீட்டியை மறந்துவிடாதே.

உன் அக்கா,
டோனா