அதே போர்டுதான்

12 ஜூன் 2025, வியாழன்

காலையில் குழாயடியில் ஜெயசித்ரா அக்கா கேட்கிறார்: "ஏன் செல்வி, நீ கைய வச்சா கம்ப்யூட்டரு புஸ்ஸுன்னு போயிடுமாமே?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எட்டு மாதம் ஆகிறது. பெரம்பலூர் முழுக்க இன்னும் சிரிக்கிறது.

"கைராசி இல்லாத புள்ள." இது தர்மராஜ் வாயிலிருந்து வந்தது. மூன்று வருடம் அவர் கடையில் வேலை பார்த்தேன். எத்தனை கம்ப்யூட்டர் பாகம் பாகமாகப் பூட்டியிருப்பேன்! அதில் ஒன்றாவது திரும்பி வந்ததா?

வீட்டு முன்னறையில் மேசை போட்டு, ரிப்பேர் பார்க்கப்படும் என்று போர்டு மாட்டி நாலு மாதம் ஆயிற்று. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வழி கேட்க வந்தார்.

15 ஜூன்

இங்கே ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன், மனசு ஆறட்டும்.

போன ஆயுத பூஜை. அரியலூர் அறிவரசனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் ஆர்டர். புது மதர்போர்டைப் பிரித்து மேசையில் வைத்திருந்தேன். ப்ராசஸரை உட்கார வைப்பதற்குள் தர்மராஜ், "நல்ல நேரம் வந்துருச்சு, எல்லாம் அப்டியே இருக்கட்டும், நீ போயி பொரி கடலைய பொட்டலம் கட்டும்மா" என்றார். போனேன். பூஜை போட்ட சாமானை மறுநாள்வரை யாரும் தொடக் கூடாது. மறுநாள் நான் லீவு, ஜெயங்கொண்டத்தில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. அதற்கு மறுநாள் போனால் போர்டு செத்துக் கிடக்கிறது. நடுவில் ப்ராசஸர் உட்காரும் குழியில் தலைமுடி மாதிரி ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள். பாதி வளைந்திருந்தது.

"நீதான் ஒடச்ச" என்றார். கடையில் இத்தனை பேர் நிற்க. அறிவரசனும் நின்றான்.

நானா? குழிக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் மூடி உண்டு. அது இருக்கிறவரை ஊசியை எவனும் தொட முடியாது. நான் மூடியோடுதான் வைத்துவிட்டுப் போனேன். மூடியைக் கழற்றினால், வாரண்டிக்குக் கேட்பார்கள் என்று தாளில் சுற்றி, கஸ்டமர் பெயரை எழுதி எடுத்து வைப்பேன். என்னிடம் யாருடைய மூடியும் தொலைந்ததில்லை, அன்றைக்கு மட்டும் மாறிவிடுமா?

என் ஸ்க்ரூ டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான். பரண் மேல் எறிந்தேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

22 ஜூன்

முடிவு செய்துவிட்டேன். எனக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டர். என் கையால். அது ஓடுகிறதைப் படம் எடுத்து, தர்மராஜும் இருக்கிற ஊர் வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். விளையாட்டில் என் பெயர்கூட முடிவாகிவிட்டது: கைராசி. என்னிடம் குண்டடி பட்டுச் சாகிறவனெல்லாம் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுச் சாகட்டும்.

6 ஜூலை

போர்டு பார்க்கவே இரண்டு வாரம் ஓடிவிட்டது. எனக்குப் பொருத்தமானது எது என்று தெரியாமலில்லை. அளவில் சின்னது, நாலு ராம் போடலாம், வைஃபை உண்டு, மின்சாரம் ஏறி இறங்கினாலும் தாங்கும். வேறு யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன்.

திருச்சிக் கடைக்காரரும் போனில் அதையேதான் சொன்னார். நான் கேட்டது, செத்துப்போன அதே மாடல்.

"அது பழைய ஸ்டாக்குங்க. நீங்க வாங்கியிருக்க புது ப்ராசஸர அதுக்கு அடையாளமே தெரியாது. பழைய ப்ராசஸர் ஒண்ணப் போட்டு அப்டேட் பண்ணாத்தான் எந்திரிக்கும். வேணாங்க."

"அதேதான் வேணும்" என்றேன்.

வீம்புதான். இருக்கட்டுமே. வேறு போர்டு ஓடினால், "அது வேற, இது வேற" என்பார் தர்மராஜ். அதே போர்டு, அதே கை. அப்போது என்ன சொல்வார்?

20 ஜூலை

பூட்டியாயிற்று. விசிறி சுற்றுகிறது. திரை கறுப்பு.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, ஓடலயா?" என்றாள். சுவிட்சை அணைத்தேன்.

27 ஜூலை

பழைய ப்ராசஸர் பெரம்பலூரில் தர்மராஜ் கடையில் இருக்கிறது. அங்கே போய் நிற்பதற்குப் பதில் இந்தப் போர்டைச் சோத்துத் தட்டாக்கிச் சாப்பிடுவேன்.

இன்னொன்று அறிவரசனிடம் இருக்கிறது. போர்டு செத்தாலும் அவன் ப்ராசஸர் பிழைத்துக்கொண்டது. அவன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

3 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன். போர்டை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ். வழியெல்லாம் சிமெண்டு லாரி. அறிவரசன் வீட்டார் நடத்தும் லாரி ஆபீஸ் மேசையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி.

அறிவரசன் தயங்கினான். அப்புறம் தானே ப்ராசஸரைக் கழற்றிக் கொடுத்தான். அப்டேட் முடிந்து, என் ப்ராசஸரைப் போட்டதும் திரை வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கக்கேடு.

அவன் சொன்னான்: "அக்கா, ஒண்ணு காட்டறேன். கோவப்படாதீங்க." போனில் வீடியோ. ஆயுத பூஜையன்று தன் கம்ப்யூட்டருக்கும் பூஜை நடக்கிறது என்று ஆசையாக எடுத்திருக்கிறான். தர்மராஜ் வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வருகிறார். மானிட்டருக்கு ஒரு பொட்டு. பிரிண்டருக்கு ஒரு பொட்டு. மேசையில் இருக்கும் என் போர்டுக்கு, நட்ட நடுவில், கட்டை விரலால் அழுத்தி ஒரு பொட்டு!

"மறுநாளு நா போனப்ப துணிய வச்சுத் தொடச்சுக்கிட்டு இருந்தாருக்கா. அப்ப எனக்கு எதுவும் புரியல. பொறவு புரிஞ்சுது. அப்பாவுக்குப் பழக்கமானவரு, அதான் சொல்லல."

துணியால் துடைத்திருக்கிறார். ஆயிரம் ஊசியை! மூடியையும் அவரே கழற்றியிருப்பார். பாவி. பாவி மனுஷா. பத்து மாசமா என் பேரக் கெடுத்துட்டு, நீ பொட்டு வச்சு ஒடச்சியா?

வீடியோவை வாங்கிக்கொண்டேன்.

4 ஆகஸ்ட்

போட்டுவிட்டேன். என் கம்ப்யூட்டர் ஓடும் படம், அதற்குக் கீழே அந்த வீடியோ.

10 ஆகஸ்ட்

சந்தனக் கடை. இப்போது அதுதான் அவர் கடைக்குப் பெயர். குரூப்பில் வந்த சிரிப்பு முகங்களை எண்ணி மாளவில்லை. ரஞ்சன்குடியிலிருந்து ஒருவர் லேப்டாப் கொண்டுவந்தார். நேற்று மூன்று பேர். ஜெயசித்ரா அக்காவே தன் மகனுடையதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நன்றாகத் தூங்குகிறேன். இத்தனை சுகமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இன்னும் நாறட்டும்.

24 ஆகஸ்ட்

தர்மராஜ் வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் வாடிப் போயிருந்தார்.

"பொட்டு வச்சது தப்புதாம்மா. தொடச்சதும் தப்பு. பயந்துபோயி ஒன் தலைல கட்டிட்டேன். ஆனா மூடிய நா கழட்டல செல்வி. நா வைக்கறப்ப மூடி இல்ல. எனக்கு அந்தக் குழியும் தெரியாது ஊசியும் தெரியாது, விக்கறவந்தான நானு."

"இப்பக்கூட பொய்யாண்ணே?" என்றேன்.

"சாமி சத்தியமா."

"போங்க."

அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். அம்மா மட்டும், "வூடு தேடி வந்தவர..." என்று முனகினாள்.

14 செப்டம்பர்

சந்தனக் கடை வாடகைக்கு என்று எழுதித் தொங்குகிறதாம். ஜெயசித்ரா அக்கா சொன்னார். சரி.

28 செப்டம்பர், ஞாயிறு

ஒரு பொடி ஸ்க்ரூ தேவைப்பட்டது. எங்கும் இல்லை. பரணில் ஏறி அந்த டப்பாவை எடுத்தேன்.

ஸ்க்ரூவுக்கு அடியில் மடித்த தாள். அறிவரசன், அரியலூர். என் கையெழுத்து. உள்ளே கறுப்பு மூடி.

இல்லை. நான் மூடியோடுதான்

பொட்டலம் கட்டக் கூப்பிட்டார். ப்ராசஸர் வைக்கத் தயாராக இருந்தேன். கழற்றியிருக்கிறேன். தாளில் சுற்றியிருக்கிறேன். பேர்கூட எழுதியிருக்கிறேனே! திறந்த குழியை விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கேன்.

அவர் சத்தியம் பண்ணினார். நான் கதவைச் சாத்தினேன்.

30 செப்டம்பர்

குரூப்பில் வீடியோவை அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதால் முடியவில்லை. அழித்தாலும் என்ன, எல்லார் போனிலும் இருக்கிறது.

1 அக்டோபர், ஆயுத பூஜை

அம்மா காலையிலேயே மேசையைத் துடைத்து வைத்துவிட்டாள். வேலைக்கு வந்த ஏழு கம்ப்யூட்டரையும் மூடி வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு வந்தவளிடம், "மேல மட்டும் வைம்மா, உள்ள எதுலயும் வைக்காத" என்றேன். ஸ்க்ரூ டிரைவர், கொறடு, என் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தாள்.

மேசை ஓரத்தில் தாளின் மேல் அந்த மூடி இருந்தது. மூன்று நாளாக எடுத்து வைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அம்மா விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"இது என்னடி? யாரோ பேரு எழுதியிருக்கு. இதுவும் ஒன் சாமானா?"

"என்னுதுதாம்மா."

பொட்டு வைத்தாள். சந்தனம் காயட்டும் என்று இருந்தேன். காய்ந்ததும் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தர்மராஜ் அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். கேட்டுக்கு வெளியேதான் நின்றேன்.