கொப்பரின் கல்வெட்டில் ஒரு சண்டை

பிள்ளையார் துணை
அளவெட்டி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் உதயகலாவுக்கு,

முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகமாக இருக்கும் அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பேத்தி கஜானியும் அந்தக் குளிருக்குள் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடியதை ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ இடையில் அழுவாய், நான் இடையில் ஏசுவேன், சொல்லவந்தது பாதியில் நின்றுவிடும். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு றொசாந்தி படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்.

விஷயம் உன்னைப் பெற்ற கொப்பரின் கல்வெட்டு, அவர் நினைவுக்கு அடிக்கிற புத்தகம். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பதற்கு நீ எழுதி அனுப்பிய வாழ்க்கை வரலாற்றை அச்சகத்தில் கோத்து, பிழை பார்க்கச் சொல்லித் தந்தார்கள். கண்ணாடி எங்கேயோ கிடந்தது, றொசாந்தியை உரத்து வாசிக்கச் சொன்னேன். அன்பே உருவானவர், பண்பின் சிகரம், அமைதியின் இருப்பிடம், நாதஸ்வர இசையில் தோய்ந்தவர், எவரோடும் ஒருநாளும் முகம் கோணாதவர். அவ்வளவில் நிறுத்திவிட்டு அவள் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, உது ஆரின்ரை கல்வெட்டு? மாறித் தந்திட்டாங்களோ?" என்று கேட்டாள். புருஷன் செத்து மாதம் திரும்பாதவள் சிரிக்கக்கூடாது என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன், ஒன்றும் ஆகவில்லை, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாதஸ்வரத்தில் தோய்ந்ததென்னவோ உண்மைதான் மகள், திருவிழாவில் தவில்காரர் அடிக்கிற அடிக்கும் எழும்பாமல் குறட்டை விட்ட மனிசன் அவர். ஆனால் எவரோடும் முகம் கோணாதவர் என்று அச்சடித்து அளவெட்டிச் சனத்தின் கையில் கொடுத்தால், சோறு தின்ன வந்தவர்கள் புரையேறிச் சாவார்கள், பிறகு அவர்களுக்கும் நாங்கள்தான் கல்வெட்டு அடிக்க வேண்டும்.

நீ எழுதியதைக் கஜானியும் வாசித்தாளாம். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுத்து, அந்த வழுக்கல் தமிழில், "அம்மம்மா, இதில பிரச்சினை எங்கை?" என்றாள். நான் பயந்து போனேன், விசாப் பிரச்சினையோ என்று. இல்லையாம், பள்ளிக்கூடத்தில் கதை படிப்பிக்கிறார்களாம். கதைக்கு ஒரு ஆள் வேண்டுமாம், அவர் இருந்த இடம் வேண்டுமாம், அவருக்கு ஒரு சிக்கல் வேண்டுமாம், சிக்கலுக்குள் நின்று அவர் என்ன செய்தார் என்றும் வேண்டுமாம். இவ்வளவும் இருந்தால் கதை எதைச் சொல்ல வருகிறது என்று வாசிக்கிற ஆளுக்குத் தானாக விளங்குமாம், எழுதுகிறவர் கத்திச் சொல்லத் தேவையில்லையாம். "அம்மா எழுதினது எல்லாம் நல்ல சொல்லு அம்மம்மா. ஆளைக் காணேல்லை" என்றாள். மூளை என் பக்கத்து மூளை, நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்திருக்காவிட்டால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கொப்பருக்கும் தம்பிக்கும் இருந்த சண்டையை எழுதப்போகிறேன் என்று அன்றைக்கே உனக்குச் சொன்னேன். நீ குளறி அழுதாய். மயில்வாகனம் சித்தப்பா செத்தவீட்டுக்கு வந்தும் வேலிப் படலைக்கு உள்ளே வராமல் வெளியே ஒழுங்கையில் குடை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனவர், இதையும் அச்சில் கண்டால் அந்தியேட்டிக்கும் வரமாட்டார், இந்தத் தலைமுறையோடு உறவு அறுந்துவிடும் என்றாய். அந்தப் பயம் எனக்கும் இருந்தது மகள். கொப்பருக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. அவர் வந்து பந்தியில் இருக்காவிட்டால் அந்த அந்தியேட்டி எனக்கு அந்தியேட்டி இல்லை.

சண்டை தொடங்கியது நீ பாவாடை சட்டையோடு திரிந்த காலம். கொப்பர் வேலி அடைத்து முடித்த பிறகு பார்த்தால் எங்கள் பக்கத்துக் கதியால் தடிகள் ஒரு சாண் சித்தப்பாவின் காணிக்குள் நின்றன. ஆடு இடித்துச் சரிந்தது என்று கொப்பர் சொன்னார். ஒரு வேலி முழுவதையும் நூல் பிடித்தமாதிரி நேராக இடித்து நகர்த்திய அந்த ஆட்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா கோயில் வாசலில் நின்று, "கதியால் கள்ளன்" என்று கத்தினார். அன்றைக்கு அறுந்தது பேச்சு. இடம்பெயர்ந்து போய் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பறையில் கிடந்தோமே, நினைவிருக்கிறதா? ஷெல் விழுகிற சத்தத்துக்குள்ளும் அண்ணனும் தம்பியும் நடுவில் என் கூறைச் சேலையைக் கயிற்றில் கட்டி, அதிலும் இந்தப் பக்கம் கூட, அந்தப் பக்கம் கூட என்று இழுபட்டார்கள்.

இனி வருவது நீ வெளிநாடு போன பிறகு நடந்தது, உனக்குத் தெரியாது. திரும்பி வந்து வெங்காயம் வைத்தோம். கிணறு பங்குக் கிணறு, ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவருடைய முறை. ஒரு கோடையில் சித்தப்பாவின் இறைக்கிற மெஷின் பழுதாகிப் போனது. கேட்க மாட்டார், கொப்பரும் கொடுக்க மாட்டார். ஆனால் எங்கள் முறையன்று எங்கள் பாத்திகளுக்கெல்லாம் தண்ணீர் மாறி முடிந்ததும், கொப்பர் மெஷினை நிற்பாட்டாமல் மண்வெட்டியோடு வேலிக்கரைக்குப் போவார். இரண்டு கொத்து. வாய்க்கால் உடைந்து தண்ணீர் வேலிக்குக் கீழால் சித்தப்பாவின் வெங்காயத் தறைக்குள் ஓடும். உடனே வானத்தைப் பார்த்து, ஊருக்கே கேட்க, "உந்த நாசமாப்போன வாய்க்கால் திரும்பவும் உடைஞ்சிட்டுது!" என்று ஏசுவார். ஏசி முடிக்கிற நேரத்துக்கு அந்தத் தறை நனைந்து முடிந்திருக்கும். ஒவ்வொரு போகமும் இதே கூத்து. வெட்டுகிற வாய்க்காலைக் கொஞ்சம் தள்ளி வெட்டினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கென்னடி தெரியும் கமத்தைப் பற்றி" என்று என்மேல் பாய்ந்தார்.

இப்போது சொல், அன்பே உருவானவர் என்று தங்க எழுத்தில் அடித்தாலும் இது விளங்குமா? சண்டையை மறைத்துவிட்டு வாய்க்காலை மட்டும் எழுதினாலும் விளங்காது. நல்லாயிருக்கிற அண்ணன் தம்பிக்குத் தண்ணீர் விட்டால் அது வெறும் தண்ணீர். கோடையும் வேலியும் கதியாலும் அந்தக் கெட்ட வாயும் எல்லாம் சேர்ந்தால்தான் கொப்பர் எப்படிப்பட்ட ஆள் என்று வாசிக்கிறவனுக்குப் பிடிபடும். ஆகவே உன்னுடைய சிகரங்களையும் இருப்பிடங்களையும் வெட்டிவிட்டு, நடந்ததை நான் சொல்லச் சொல்ல றொசாந்தி எழுதினாள். ஆனால் அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை. முதலில் அந்தத் தாளோடு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் முகத்தைச் சுழித்தால் கிழித்துப்போட்டு உன்னுடைய புராணத்தையே அடிக்கிறது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் போனேன்.

சித்தப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றவர், கை கழுவிவிட்டு வந்து வாங்கினார். ஒவ்வொரு சொல்லாக வாய் அசைத்து வாசித்தார். கதியால் வந்த இடத்தில் நிறுத்தி, "மச்சாள், ஒரு சாண் எண்டு போட்டிருக்கிறியள். ஒண்டரைச் சாண்" என்றார். முடிந்தது கதை என்று நினைத்தேன். இல்லை, திரும்பவும் வாசித்தார். வாய்க்காலுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என்ரை மெஷின் அடுத்த மாரிக்குள்ளையே திருத்திப்போட்டன் மச்சாள். கொட்டிலுக்குள்ளை சாக்காலை மூடி வைச்சிருந்தனான். என்ரை முறைக்கு வாளியாலை அள்ளித்தான் இறைச்சனான், முதுகும் போச்சு. மெஷினை வெளியில எடுத்தா அண்ணை பிறகு என்னத்தைச் சாட்டி வாய்க்காலை உடைக்கிறது?"

பார்த்தாயா மகள். இவ்வளவு வருஷம் ஒருவன் மண்வெட்டியோடு நடித்திருக்கிறான், மற்றவன் வாளியோடு நடித்திருக்கிறான், நடுவில் நான் ஒருத்தி விசரி மாதிரி இரண்டு பேருக்கும் புத்தி சொல்லியிருக்கிறேன். அதையும் போடட்டோ என்று கேட்டேன். தாளை மடித்து என் கையில் தந்தார். "ஓம், போடுங்கோ. ஆனா ஒண்டரைச் சாண் எண்டு போடுங்கோ" என்றார். நேற்றுக் காலை படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார், அந்தியேட்டிக்குப் பந்தல் எந்தப் பக்கம் போடுவது என்று பார்க்க. வந்த உடனேயே நான் சொன்ன இடம் பிழை என்று என்னோடு சண்டை. கொப்பரின் குரல் அப்படியே. அச்சகத்துக்குத் தாள் மத்தியானமே போய்விட்டது, ஒன்றரைச் சாணோடு. இனி நீ குளறியும் பலனில்லை.

வருகிறபோது சித்தப்பாவுக்கு ஒரு சேர்ட் வாங்கிக்கொண்டு வா, கழுத்துப் பெரிதாகப் பார்த்து வாங்கு. விமானத்தில் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுக்காதே, காசு கொடுத்தது. மருமகனுக்கு என் அன்பைச் சொல்லு, கஜானியின் நெற்றியில் என் பெயரால் ஒரு கொஞ்சல். கும்பழாவளைப் பிள்ளையார் உங்கள் மூன்று பேருக்கும் முன்னும் பின்னும் நின்று கூட்டிவரட்டும்.

உன்னைப் பெற்று, இன்றுவரை ஏசிக்கொண்டிருக்கும்
அம்மா மகாதேவி