மூன்று ஆட்டங்களுக்குச் சாட்சி

4 ஜூலை 1938, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்றும் சாரலும். துணி எதுவும் காயவில்லை. எஸ்தருக்குப் பல் முளைக்கிறது, இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

மூத்தார் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வால்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடத்துல உனக்கு டீச்சர் வேலைக்குச் சொல்லிப்போட்டேன் அம்மணி. ஆகஸ்ட் பதினஞ்சுல சேரோணும். மலைக்காய்ச்சல் ஊருக்குப் பச்சப்புள்ளையக் கொண்டுபோக முடியாது. எஸ்தர் எங்ககிட்டயே வளரட்டும்."

அவர் தம்பி, என் வீட்டுக்காரர், இறந்துபோய்ப் பதினொரு மாதம். மூத்தாருக்கும் ஜெபமணி அக்காவுக்கும் குழந்தை இல்லை. அக்கா நல்லவர். அதுதான் பயமாக இருக்கிறது.

"புள்ளைய விட்டுட்டு இருக்க முடியாதுங்க" என்றேன்.

"வேலையும் ஊடும் சேத்துக் குடுக்கற எடம் இருந்தாக் காட்டு. தாராளமாக் கூட்டீட்டுப் போ. ஆரு தடுத்தா?"

7 ஜூலை

தபாலில் சர்வகலாசாலையின் ஆண்டறிக்கை வந்தது. வடக்கே நான் பி.ஏ.வும் நாட்டியமும் படித்த இடம். 'நாட்டியம் பயின்ற நம் மாணவர்கள்' என்று ஒரு பக்கம். உம்மல் குல்சும்: பாரிஸிலும் வியன்னாவிலும் அறுவடை நடனம். ரங்கராஜ்: கோயமுத்தூர் டாக்கிப் படங்களில் நடன ஆசிரியர். சாராள்: மணமாகிவிட்டது.

மணமாகிவிட்டது. அவ்வளவுதானா நான்?

குல்சுமின் அறுவடை நடனம் நான் அமைத்தது. ரங்கராஜ் போன பொங்கல் படத்தில் வைத்த கோலாட்டமும் என்னுடையது. அடியடியாக எழுதித் தபாலில் அனுப்பினேன். நகல் வைக்கவில்லை. படித்த இடத்தில் ஆட்டத்துக்குக் கீழே யாரும் பெயர் போடுவதில்லை. எல்லாம் எல்லோருடையது என்று பழகிவிட்டோம்.

கடைசிப் பக்கத்தில்: நாட்டிய ஆசிரியை தேவை, குடியிருக்க வீடு உண்டு. சொந்தமாக அமைத்த மூன்று நடனங்கள், மற்றவர் கையெழுத்திட்ட சான்றுடன், ஜூலை முப்பத்தொன்றுக்குள்.

வீடு உண்டு. பத்து தடவை படித்தேன்.

12 ஜூலை

அக்காவிடம் ஆஸ்பத்திரி என்று பொய் சொல்லிவிட்டு, எஸ்தரோடு ஜட்கா வண்டியில் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"அடடே, வாங்க சாராள்! பெரிய படிப்புப் படிச்சவீங்க இந்தக் குப்பைக்கெல்லாம் வாரீங்களே" என்றான் ரங்கராஜ். சான்றுக் கடிதம் கேட்டதும் சிரிப்பு நின்றது. "படத்துல எம் பேரு ஓடீட்டிருக்குது. அது உங்குளுதுன்னு எழுதிக் குடுத்தா முதலாளி என்னய வாசல்லயே நிறுத்திப்போடுவாருங்க."

அடுத்த மூச்சில், "ஆமா, அந்தக் கிணத்துமேட்டு ஆட்டத்தோட முடிவு எப்ப வரும்? பத்தொன்பதாந்தேதி ஷூட்டிங்." அவனுடைய அடுத்த படத்துக்கு நான் எழுதிக்கொண்டிருக்கும் ஆட்டம் அது; முடிவு மட்டும் இன்னும் அனுப்பவில்லை.

13 ஜூலை

எஸ்தர் இன்று அக்காவைப் பார்த்து 'அம்மா' என்றாள். யாரும் திருத்தவில்லை. நானும்.

17 ஜூலை

ரங்கராஜுக்கு எழுதிவிட்டேன்: கடிதம் வந்தால்தான் முடிவு வரும். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்துட்டுப் போகுது. எம் புள்ளைக்காக வேற என்னத்தப் பண்ணுவேன்?

19 ஜூலை

கம்பெனிக் காரில் அவனே வந்துவிட்டான். "நானே ஒரு முடிவு போட்டுப் பாத்தனுங்க. பன்னெண்டு புள்ளைங்களும் மாடாட்டம் பின்னுக்கு நடந்துபோயி செவுத்துல முட்டீட்டு நிக்குதுங்க!" சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தை நீட்டினேன். கோலாட்டம், கிணற்றுமேடு இரண்டும் சாராள் அமைத்தவை என்று எழுதிக் கையெழுத்திட்டான். முடிவை வாங்கிக்கொண்டு பறந்தான்.

மை காயவில்லை. மூத்தார் மில்லிலிருந்து வந்தவர் மேஜைமேல் இருந்ததை எடுத்துப் படித்தார்.

"டாக்கிக்காரனுக்கு ஆட்டமா? எந் தம்பி ஊட்டுல குந்தீட்டா? நீ புள்ள வளக்கற லட்சணத்தச் சபைக் கமிட்டி பாக்கட்டும்." சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

20 ஜூலை

ரங்கராஜிடம் இன்னொரு கடிதம் கேட்டு ஆள் அனுப்பினேன். ஷூட்டிங் முடிந்துவிட்டதாம், ஐயாவுக்கு நேரமில்லையாம். குல்சுமுக்கு எழுதியதற்கும் பதில் இல்லை. இனி நான் எதைக் காட்டி மிரட்டுவது?

21 ஜூலை

கிணற்றடியில் எவ்வளவு நேரம் நின்றேன், தெரியவில்லை. எஸ்தரை அக்காவிடம் விட்டுவிட்டு வரலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பயந்துபோய் ஓடி வந்துவிட்டேன். ஆண்டவரே.

24 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி. ஐந்து பேர், தடித்த குறிப்பேடு ஒன்று. ரங்கராஜின் கடிதத்தை வாசித்தார்கள்.

"இது நெசமாம்மா?" என்றார் பாஸ்டர்.

"நெசந்தானுங்க ஐயா."

காரியதரிசி சொல்லிக்கொண்டே எழுதினார்: "இரண்டு நடனங்களையும் தாமே அமைத்ததாக ஒப்புக்கொண்டார்." எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூணுங்க."

"என்னம்மா?"

"மூணாவதும் இருக்குதுங்க ஐயா. குல்சும் பாரிஸ்ல ஆடறாங்களே, அறுவடை நடனம். அதையுஞ் சேத்து எழுதிக்கோங்க."

"பாத்தீங்களா? வெக்கங்கிறதே இல்ல!" என்று மூத்தார் துள்ளினார்.

எழுதினார்கள். பேனா நிற்கும் வரை அதையே பார்த்திருந்தேன். ஓராண்டு நற்கருணை கிடையாது. குழந்தை விஷயம் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளட்டும். ஐந்து கையெழுத்து. சாட்சி என்ற இடத்தில் மூத்தாரே போட்டார்.

தண்டனை பெற்றவர் கேட்டால் நகல் தர வேண்டும் என்பது சபை விதி. கேட்டேன்.

25 ஜூலை

ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டது. தண்டனைத் தீர்மானத்தைச் சான்று என்று அனுப்புகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். படித்துவிட்டுச் சிரிப்பார்களோ?

6 ஆகஸ்ட்

ஒன்றும் வரவில்லை. மூத்தார் வால்பாறை பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டார்.

11 ஆகஸ்ட்

தந்தி. வேலை எனக்குத்தான், வீடும் உண்டு.

13 ஆகஸ்ட், சனி

நாளை ரயில். மூன்று வயதுக்குள் டிக்கெட் வேண்டாம், மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் ஸ்டேஷனில். மூத்தார் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று வெளியே போனவர் இன்னும் வரவில்லை.

எஸ்தரின் சட்டைகளை அக்காவே துவைத்து மடித்து வைத்தார். மொத்தம் ஒன்பது. பெட்டியில் எட்டுதான் இருந்தன.

நான் கேட்கவில்லை.