பின்பலகையில் வைத்த தோல்

ஞாயிறு, ராத்திரி.

பக்கத்து வீட்டு சலீம் பாய் இன்னிக்குத் தூங்க மாட்டார். எனக்கும் தூக்கம் வரல. அவங்க அப்பாவோட பழைய மரப்படகை ஒரு வருஷமா இழைச்சி, வார்னிஷ் அடிச்சி, இன்னிக்குத்தான் ஏரியில எறக்கினோம்.

புது இன்ஜினைப் படகோட பின்பலகையில இரும்புப் பிடியால மாட்டி, அவரே பிடியோட திருகை முறுக்கினார். பெட்ரோல் எடுக்க அவர் கரைக்குப் போனப்போ பார்த்தேன், இரும்புப் பிடி புது வார்னிஷைக் கடிச்சிருந்தது. மனசு கேக்கல. திருகைத் தளர்த்தி, நான் வேலை பாக்கற ஷூ கம்பெனியிலேர்ந்து கொண்டுவந்திருந்த தோல் துண்டை நடுவுல வச்சி மறுபடி முறுக்கினேன். அவர்கிட்ட சொல்லல.

நடு ஏரியில இன்ஜின் கழண்டு தண்ணிக்குள்ள போயிடுச்சி. நனைஞ்சா தோல் இளகி, பிடி தளர்ந்துடும்னு தினம் தோலையே தொடுற எனக்குத் தெரியாதா? பலகையில ஒட்டியிருந்த துண்டை அவர் பாக்கறதுக்குள்ள எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

ஆளுங்க முங்கி, கயிறு கட்டி இன்ஜினை இழுத்தாங்க. சேத்தைத் துடைச்சிக்கிட்டே பாய் சொன்னார்: "நான்தான்பா சரியா முறுக்கல. கையில பலம் கம்மியாயிடுச்சி. ரிப்பேராகி வந்ததும் நீயே மாட்டிடு. உன் கைய நம்பலாம்."

சரி பாய்னுட்டேன். பாக்கெட்ல தோல் அப்பவும் ஈரமாத்தான் இருந்தது.