சுரங்கச் சூரனுக்கு ஏது தங்கச்சி?

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் நடைமேடை ஒலிபெருக்கி இன்றும் கரகரப்பு. எலக்ட்ரீஷியனிடம் சொன்னால், "நாளைக்குப் பாத்துடலாம் மேடம்" என்கிறார். அவருக்கு எல்லா நாளும் நாளைதான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு என் வேலை. அந்தக் கரகரப்பில் என் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டிய மாதிரி கேட்கிறது. அவமானம்.

"பழைய பாலம் வழியாகத் துறைமுகம் செல்லும் பேருந்து..." இந்த "வழியாக"வை நாளெல்லாம் சொல்கிறேன். ஒரு தடவைகூட ழகரம் வழுக்கியதில்லை. "மேடம் சொன்னா பஸ்ஸே நிமிர்ந்து நிக்குது" என்பார் ஒரு டிரைவர். சரி, தற்பெருமைதான். இங்கே அடித்துக்கொள்ளாமல் வேறு எங்கே அடித்துக்கொள்வது?

வெள்ளிக்கிழமை டிவியில் "சுரங்கச் சூரன்" ஆரம்பம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானும் அண்ணனும் சின்ன வயதில் கிழியக் கிழியப் படித்த படக்கதை. நகரத்துக்கு அடியில் சுரங்கங்களில் திரியும் தனி ஆள். எங்கே மாட்டிக்கொண்டாலும் டார்ச்சை உயர்த்தி "வழி இருக்கிறது!" என்பான். அடுத்த கட்டத்தில் வெளியே நிற்பான்.

ரசிகர் குழுவில் என் பெயர் டார்ச் லைட். நான் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

பாவிகளா.

மார்ச் 7, சனி

நேற்று எழுதவே கை வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

சூரனுக்குத் தங்கச்சியாம்! படக்கதையில் எந்த மூலையிலும் இல்லாத ஒரு வாண்டு. பெயர் பொடிசு. சட்டை முழுக்க அழுக்கு, முன்பல் காணோம். சுரங்கம் இடிகிறது, சூரன் அடிபட்டுக் கிடக்கிறான், எல்லாரும் அந்த வசனத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம் - இந்தப் பொடிசு ஒரு இடுக்கைக் காட்டி "வலி இருக்குண்ணா!" என்கிறது. வழி அல்ல. வலி! சூரன் கெக்கேபிக்கே என்று சிரிக்கிறான். அவ்வளவுதான் காட்சி. ழ வராத பிள்ளையைப் பிடித்து வந்து எங்கள் வசனத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதின மகராசன் யாரோ?

நேற்று ராத்திரியே குழுவில் போட்டுக் கிழித்தேன். "சூரன் தனி ஆள். அவனுக்கு யாரும் கிடையாது. அதுதான் சூரன். வழி தெரியாதவர்கள்தான் வலி தருவார்கள்." கடைசி வரி எனக்கே பிடித்தது.

காலையில் பார்த்தால் ஊரே அதைப் பகிர்ந்திருக்கிறது. குழுவை நடத்தும் பல் டாக்டர் அதை எடுத்து மேலே குத்தி வைத்து, "பொடிசை நீக்கு" என்று கையெழுத்து வேட்டையே தொடங்கிவிட்டார். முதல் கையெழுத்து என்னுடையது. ஒரு நாள் ராணி மாதிரிதான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

மார்ச் 11, புதன்

அண்ணன் வந்திருக்கிறான். போன் இல்லை, தகவல் இல்லை; ஒரு பை, நான்கு நாள் தாடி. தலைநகரத்தில் டிவிக்காரர்களுக்கு வினாடி வினா நிகழ்ச்சிக்குக் கேள்வி எழுதுகிறவன். "சும்மாதான் வந்தேன், அரைடிக்கெட்டு" என்றான். நாற்பது வயதிலும் நான் அவனுக்கு அரைடிக்கெட்தான். சும்மா வந்தவன் முகமா அது? சாப்பிட்டுவிட்டு சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மார்ச் 12, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

சாயங்காலம் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் போனை நீட்டினான். "இதப் படிச்சியா? டார்ச் லைட்டுன்னு யாரோ. திட்டினவங்கள்லயே இது ஒண்ணுதான் உருப்படியாத் திட்டியிருக்கு. நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

"நீ ஏன் நாக்கப் பிடுங்கிக்கணும்?"

"சூரன் சீரியல எழுதினது நான்தான். புனைபேர்ல. வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. இல்லன்னா உங்கிட்டத்தான மொதல்ல சொல்லிருப்பேன்?"

தேநீர் கையில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை. எத்தனை வருடமாக எழுதி எழுதி நிராகரிக்கப்பட்டவன், கடைசியில் கிடைத்த வாய்ப்பு - அதுவும் எங்கள் சூரன் - அதில் நான் போய்...

மறைக்கத் தெரியாது எனக்கு. "டார்ச் லைட் நான்தாண்ணா" என்றேன்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "அப்ப நீயே அவள வேணாம்னுட்டே" என்றான்.

"யாரை?"

"லூசு. பொடிசு யாருன்னு நெஜமாவே தெரியலையா உனக்கு? அவ நீதான்டீ."

பிறகுதான் சொன்னான். எனக்கு நான்கு வயது இருக்கும்போது அவன்தான் எனக்குப் படக்கதையைப் படித்துக் காட்டுவானாம். நான் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு கையில் கரண்டியைத் தூக்கி "வலி இருக்குண்ணா!" என்று கத்துவேனாம். எனக்கு ழ வராதாம்.

எனக்கா! ழ வராதா! எனக்கா!

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "உனக்கா? பள்ளிக்கூடம் போற வரைக்கும் 'மலை பெய்யுது, மலை பெய்யுது'ன்னுதானடி ஓடி வருவே. அவன்தான் கண்ணாடி முன்னால உன்ன நிறுத்தி, நாக்க மடி நாக்க மடின்னு உசிர வாங்குவான்."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று நாக்கை மடித்து 'மழை, மழை' என்று சொல்லிப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் இன்னொன்றும் சொன்னான். "ஒரு நாள் நீ கேட்டே. சூரன் தனியாத்தான இருக்கான், அப்ப வழி இருக்குன்னு யார்கிட்டண்ணா சொல்றான்னு. எனக்குப் பதில் தெரியல. உங்கிட்டத்தான்னு சொல்லி வச்சேன். அதுலேர்ந்து வந்தவதான் பொடிசு."

இப்போது சேனல்காரர்கள் அவளைச் சீக்கிரம் சாகடித்து எழுதச் சொல்கிறார்களாம், இல்லாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். "என் கையால எழுத மாட்டேன். விட்டுட்டு வந்துடறேன்" என்கிறான்.

அழுதேன். அவன் என் சுட்ட கையைப் பிடித்துக் குழாயில் காட்டிக்கொண்டே, "ஏய், நல்லாத்தான எழுதியிருந்தே, அதுக்கு ஏன் அழுவுறே" என்கிறான். இவனை என்ன செய்வது?

மார்ச் 13, வெள்ளி

இரண்டாம் பகுதியைச் சேர்ந்து பார்த்தோம். பொடிசு வரும்போதெல்லாம் அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். "என்னடா முறைக்கிறே?" என்றேன். பொடிசு கோபத்தில் செருப்பைக் கழற்றி வில்லன் மேல் எறிகிறாள். "இதுவும் நானா?" "பின்ன?"

ஆனால் நியாயத்தையும் எழுத வேண்டும்: சண்டைக் காட்சி படுமோசம். அவனிடமே சொன்னேன். "அது டைரக்டர் வேலை, என்னத் திட்டாதே" என்றான்.

மார்ச் 14, சனி

என் பழைய பதிவை எடுக்கவில்லை. அது என் கோபம், இருந்துவிட்டுப் போகட்டும். கீழே புதிதாக எழுதினேன்:

"சூரனுக்கு யாரும் இல்லை என்று படக்கதை எங்கேயும் சொல்லவில்லை. நாமாகச் சொல்லிக்கொண்டோம். எல்லாப் புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தேன். இருட்டில் தனியாக மாட்டியிருக்கிறவன் 'வழி இருக்கிறது' என்று ஏன் அவ்வளவு சத்தமாகச் சொல்கிறான்? யாருக்குக் கேட்க வேண்டும்?"

பல் டாக்டர் பொங்கிவிட்டார். "டார்ச் லைட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது." "சேனல்காரன் வாய்க்கரிசி போட்டானா?" என்று இன்னொருத்தர். பேசுகிற பேச்சைப் பார்! கடைசியில் ஒருவர், "வசனம் எழுதின ஆள் உங்க சொந்தக்காரரா?"

அண்ணனைக் கேட்டேன். "சேனல் திட்டட்டும், சொல்லிக்கோ" என்றான்.

"ஆமாம். என் அண்ணன். எனக்குச் சின்ன வயதில் ழ வராது. நான்தான் பொடிசு" என்று எழுதிவிட்டுப் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

மார்ச் 15, ஞாயிறு

பயந்து பயந்து எடுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஆள் எழுதியிருக்கிறார்கள் - தாங்கள் யாருக்குப் படித்துக் காட்டினோம், தங்களுக்கு யார் படித்துக் காட்டினார்கள் என்று. ஒரு லாரி டிரைவர், அக்கா மடியில் உட்கார்ந்து படித்தாராம். திட்டுகிறவர்களும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பல் டாக்டர் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. இப்போதுதான் ஒரு வரி: "பொடிசுக்கு முன்பல் முளைக்கும்வரை கையெழுத்து வேட்டை ஒத்திவைக்கப்படுகிறது."

மார்ச் 24, செவ்வாய்

ஒன்றும் தகவல் இல்லை. அண்ணன் என் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டுவிட்டான்.

ஏப்ரல் 1, புதன்

சேனலிலிருந்து அழைப்பு. ரசிகர்கள் எழுதினதையெல்லாம் படித்தார்களாம், பொடிசு இருக்கலாமாம். சண்டைக் காட்சி அதே ஆள்தானாம். எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடுமா?

ஏப்ரல் 2, வியாழன்

அண்ணன் கிளம்பிவிட்டான். மூன்றாம் நடைமேடை. அதிசயம், எலக்ட்ரீஷியனின் நாளை இன்று வந்திருந்தது. ஒலிபெருக்கி கணீரென்று கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

மைக்கை எடுத்தேன். நாக்கை மடிக்கவில்லை.

"பயணிகள் கவனத்திற்கு. பழைய பாலம் வலியாகத் தலைநகரம் செல்லும் பேருந்து மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படுகிறது."

விலுக்கென்று தலையைத் தூக்கினான். சிரித்தான். அழுதானோ என்னவோ, தூரத்தில் தெரியவில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை டார்ச் மாதிரி உயர்த்திக் காட்டினான். பேருந்து திரும்பி மறையும்வரை கையை இறக்கவில்லை.

நிலைய மேலாளர் கதவைத் தட்டினார். "என்ன மேடம், இன்னைக்கு 'வலியாக'ன்னு சொல்லிட்டீங்க?"

"ஆமா சார்," என்றேன். "எங்க அண்ணன் பஸ்."